மொண்ணைக் கத்தி

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கந்தையா கிராணி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நானே கெடுத்த கத்தி எனக்குத் தெரியாமல் போகுமா?

"துரையின்ர கண்ணாடிப் பெட்டிக்கு. பழைய பட்டாளத்துக் குத்துவாளாம். ஆரோ மடையன் பழுதாக்கிப்போட்டான். முந்தி இருந்த மாதிரியே வேணுமாம்" என்றார். எங்கள் வெள்ளைக்காரத் துரையின் புத்தகத்தைப் பார்த்து வரைந்த படமும் கூடவே இருந்தது.

அந்த மடையன் நான்தான். மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மிஷின் கொட்டகை பிட்டர். ஜப்பான்காரன் நாட்டை விட்டு ஓடிய வருஷம் என் தம்பி வீரமுத்து அதை ஒரு கால்வாயில் கண்டெடுத்தான். குத்துவாளை வைத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் என்ன செய்வது? முனையை நெருப்பில் காய்ச்சித் தட்டி, உளி மாதிரி மொண்ணையாக்கினேன். குறுக்குத் தடுப்பை அறுத்துப் போட்டேன். பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தேன். ஐந்து வருஷமாக மரத்தில் கட்டிய கோப்பைகளில் உறைந்து ஒட்டிய ரப்பர் கட்டிப்பாலை அதில்தான் சுரண்டினான். அதைக் கொண்டு ஒரு கோழியைக்கூட அறுக்க முடியாது.

போன மாதம் லயத்தைச் சுற்றிய முள்வேலிக் கதவில் அவன் வாளியைச் சோதித்த போலீஸ்காரர்கள் பட்டாள முத்திரையைப் பார்த்துவிட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதம் கொண்டு போகிறான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவசரகாலச் சட்டத்தில் வழக்கும் கிடையாது, வக்கீலும் கிடையாது. வரும் திங்கட்கிழமை ஒரு கமிட்டி அவனைப் பார்க்கும். விட்டால் வீடு, இல்லையென்றால் கப்பலில் இந்தியா. இந்தத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவனுக்கு இந்தியாவில் யாரைத் தெரியும்? கத்தி மட்டும் இன்ஸ்பெக்டர் கையிலிருந்து துரை கைக்கு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து குடிக்கிறவர்கள்.

பஞ்சாலை, வீரமுத்துவின் பெண்சாதி, என் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"இப்பவே போய்த் தொரகிட்ட சொல்லுங்க மாமா. பால் சொரண்டுற கத்திதான்னு ஒரு வார்த்த. அவரு எழுதிக் குடுத்தா விட்டுருவாங்க லா."

"வெறுங்கையோட போனா நாய அவுத்து விடுவாரு. மொதல்ல வேலைய முடிச்சுக் குடுக்கறேன். மனசு குளுந்து இருக்கறப்ப கேக்கறேன்."

எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கூரை ஒழுகினாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், முதலில் துரைக்கு ஒரு காரியத்தைச் செய்து கொடுத்துவிட்டுத்தான் தலையைச் சொறிவோம்.

மூன்று நாள் வேலை. டியூபை அறுத்து எடுத்தேன். முனையைக் காய்ச்சி நீட்டினேன், அரத்தால் இருபுறமும் கூராக்கினேன், எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றினேன். பித்தளைத் தகட்டில் தடுப்பு வெட்டிப் பொருத்தினேன். தம்பியைப் பற்றி அந்த மூன்று நாளும் நினைத்ததாக ஞாபகமில்லை. கை வேலை செய்தது, பக்கத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் கத்தி படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

பங்களா வராந்தாவில் துரை அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். என் தோளில்கூடத் தட்டினார். இதுதான் நேரம் என்று நினைத்து, கூட வந்திருந்த கிராணியிடம் சொன்னேன். "இது என் தம்பி வீரமுத்து வச்சிருந்த கத்திங்க. பால் சொரண்டத்தான் வச்சிருந்தான். தொர கமிட்டிக்கு ஒரு கடுதாசி எழுதணும்."

கிராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். துரை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலை முனையில் வைத்துப் பார்த்தார். விரலில் ரத்தம் துளிர்த்தது. ஏதோ கேட்டார்.

"இதாலயோ பால் சுரண்டினவன் எண்டு கேக்கிறார்" என்றார் கிராணி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடிதம் எழுதினால் கமிட்டி கத்தியைக் காட்டச் சொல்லுமாம். இதைக் காட்டினால் உன்ர தம்பிக்கு இன்னும் மோசமாம். ஏன் காணும், இதைத் தொட முந்தி ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அறுத்தெறிந்த டியூப் கொட்டகை அடுப்பில் எரிந்த நாற்றம் மட்டும் நினைவுக்கு வந்தது. துரை விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கத்திக்கு நடுவிலேயே இடம் விட்டு வைத்திருந்தார். நான் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

லயத்து முனையில் பஞ்சாலை நின்றிருந்தாள். பால் வாளியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்."

"தொர என்னா சொன்னாரு?"

"வேல நல்லாருக்குன்னாரு" என்றேன்.