அரை மணி மௌனம்

பாராயணம் பாதியில் இருக்கும்போதே மஹதி டேப் ரிக்கார்டரை நிறுத்தினாள்.

"ஏய், என்னடி பண்றே?" சங்கரன் சித்தப்பா பதறினார். "போற நேரத்துல பகவான் நாமம் காதுல விழ வேண்டாமா?"

"சத்தமே கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்."

"எல்லாம் நீ படிக்கற படிப்பு!"

படிப்புதான். பல்கலைக்கழகத்தில் மதங்களை ஒப்பிட்டு ஆராய்கிற எம்.ஃபில். எந்தெந்த மதத்தார் எப்படி மௌனமாக உட்காருகிறார்கள் என்பது அவள் தலைப்பு. தானும் உட்காராதவர் அதைப் பற்றி எழுதக்கூடாது என்று பேராசிரியை சட்டம் போட்டிருந்தார். கேலி செய்துகொண்டே அவளோடு உட்கார்ந்த அப்பா வெங்கடரமணன் பிறகு ஒரு நாள்கூட விட்டதில்லை. விடிந்ததும் கூடத்தில் அரை மணி நேரம்.

"ரெண்டு பேரும் கண்ணை மூடிண்டா பாலை யார் காய்ச்சறது?" என்று அம்மா ஜானு பொருமுவாள். அரை மணி ஆனதும் சமையல் மேடையில் டம்ளரை 'ணங்'கென்று வைப்பாள். அதுதான் அவர்களுக்கு மணி.

இப்போது அப்பாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. அம்மா டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து அவர் உதட்டில் தடவிவிட்டு டம்ளரோடு எழுந்து போனாள். மஹதி கட்டிலை ஒட்டிச் சம்மணமிட்டாள். சித்தப்பாவின் கை மறுபடி டேப் ரிக்கார்டருக்குப் போனது. அவள் கேசட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சா வாங்கிக்கோங்கோ" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

மாடவீதியில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பாவின் மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரவில்லை.

"அண்ணா!" சித்தப்பா கதறினார். "நாமம் கேக்காமலே போயிட்டாரே! உன்னாலதான்டி, பாவி!"

"ஆமாம், என்னாலதான்."

இருக்கட்டும், அரை மணி முடிந்த பிறகு அழுதுகொள்ளலாம். அவள் எழுந்திருக்கவில்லை.

"மன்னி, நீங்களாவது சொல்லுங்கோ. காரியத்துக்கு வாத்தியாருக்குச் சொல்லியனுப்பணும், ஆத்துல ஆயிரம் வேலை இருக்கு."

சமையலறை வாசலில் நின்றிருந்த ஜானு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் அரை மணி ஆகலை. சித்த சும்மா இருங்கோ."

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

அரை மணி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. அப்பாவின் உதட்டை நனைத்த டம்ளர் இன்னும் ஜானுவின் கையிலேயே இருந்தது. அவள் அதை மேடையில் வைக்கவில்லை.