இருபத்தைந்துக்கு மேல்

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ரூல் மாஸ்டர். அவருடைய டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள் வைத்த பெயர் அது. மஞ்சள் விளக்கைப் பார்த்து யாராவது வேகம் கூட்டினால், பக்கத்து சீட்டிலிருந்து தன் பிரேக்கை மிதித்து நிறுத்தி, "ரூலுன்னா ரூலு" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் ஓட்டச் சொல்லித்தரவில்லை. அவளும் பத்து வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். "உனக்கு எதுக்கு இப்ப?" அவ்வளவுதான் பதில்.

அவள் மட்டும் சளைத்தவளா? லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் கேட்காத மின்சார மொபெட் ஒன்றை வாங்கி, பல் டாக்டர் கிளினிக்கில் தான் பார்க்கும் வேலைக்கு அதில் போய்வர ஆரம்பித்தாள். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் அது போகாது. அதுவரைக்கும்தான் சட்டம் சும்மா விடும். வேகம் காட்டும் முள்கூட அதில் கிடையாது.

இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "சைக்கிள்காரன்கூட உங்க வீட்டம்மாவை முந்திப் போறான் சார்" என்று மாணவன் ஒருவன் சிரித்துவிட்டான். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டைக் கழற்றி, வேகத்தைக் கட்டிப்போடும் வயரை வெட்டி, வேறு இடத்தில் சேர்த்துப் பற்றவைத்து, கறுப்பு உறை மாட்டி, கச்சிதமாக மூடிவைத்தார். அவளிடம் "சர்வீஸ் பண்ணினேன்" என்றார். "சர்வீஸ் பண்ணா இவ்வளவு லேசா ஓடுமா!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் வாரம் போன் வந்தது. "ஏங்க, செக்கிங்ல நிறுத்திட்டாங்க. வண்டியில யாரோ கை வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஓடினார். அங்கே இருந்த இன்ஸ்பெக்டரம்மா அவரிடமே கார் கற்றவர். "வாங்க சார்" என்று எழுந்து நின்றார். மொபெட்டின் சீட்டைக் கழற்றி வைத்து, பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி ஓடவிட்டிருந்தார்கள். பக்கத்துப் பெட்டியில் நாற்பத்திமூன்று என்று எண் மின்னியது. சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"வேகத்தைக் கட்டுற வயரை யாரோ வெட்டியிருக்காங்க. இந்த வேகம் போனா மோட்டார் சைக்கிள் கணக்கு சார். லைசென்ஸ் வேணும், பதிவு வேணும், இன்சூரன்ஸ் வேணும். அம்மாகிட்ட ஒண்ணுமே இல்ல."

"எங்க வீட்டுக்காரரு சிக்னல்ல கோட்டைக்கூடத் தாண்ட மாட்டாரு மேடம்," என்றாள் மனைவி. "அவர் இருக்கிற வீட்டுல இந்த வேலை நடக்குமா? கடைக்காரன்தான் ஏமாத்தியிருப்பான். ஏங்க, நீங்களே சொல்லுங்க!"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சொன்னால் வழக்கு அவர்மேல் திரும்பும், ஸ்கூல் உரிமம் போய்விடும். மனுஷனுக்குக் காது இரண்டும் சுட்டது. இத்தனை பேர் நடுவில் வெட்கம் பிடுங்கித் தின்றது. "வந்து..." என்றார். "அது வந்து..." அட, சொல்லித்தொலையேன்யா!

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷம் பார்த்த முகம். அவளுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் மேடம் வெட்டினேன்," என்றாள் மெதுவாக. "இவருக்குத் தெரியாது."

"எதால வெட்டினீங்க?"

"கத்திரிக்கோலால."

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து வயரைப் பார்த்தார். பற்றவைத்த பதம், மேலே மாட்டிய உறை. இது கத்திரிக்கோல் வேலை இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். வாயைத் திறப்பாரா என்று காத்திருந்தார். மாஸ்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படிவத்தில் கத்திரிக்கோல் என்றே எழுதினார் இன்ஸ்பெக்டரம்மா. அபராதம், வண்டி பறிமுதல். மனைவி கையெழுத்துப் போட்டாள். பிறகு தாள் மாஸ்டர் பக்கம் திரும்பியது.

"சாட்சி ஒருத்தர் வேணும். அவங்க சொன்னது உண்மைன்னு போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. 'சார்' போடவில்லை.

மாஸ்டர் பேனாவை வாங்கினார். காற்றில் தாள் படபடத்தது. மனைவி, அவருக்கு எழுத வசதியாக, தாளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.