யாஃபா தெருவில் ஒரு பிரெஞ்சுப் பலகை

பெய்ரூட் ஸ்டுடியோவில், புதுப்பித்த தன் குறும்படத்தைப் பார்த்த விதாத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பது வருடக் கறை நீங்கியதும், பாலஸ்தீனத்தில் தான் பிறந்த யாஃபா என்று அவள் சொல்லிவந்த தெருவில் பிரெஞ்சுக் கடைப் பலகை பளிச்சென்று தெரிந்தது.

“அத்தை, இது பிரான்ஸ்ல இருக்கிற மார்சேய்தானே?” என்றான் டெக்னீஷியன் நிஸார்.

“ஆமா. என்னை ஊருக்குள்ள விட்டாத்தானே அங்க எடுக்க முடியும்?”

“நாளைக்கு அகதி முகாம்ல திரையிடுறோம். முன்னாடி படத்தைப் பார்த்து ‘எங்க தெரு’ன்னு அழுதவங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க. பத்தே நிமிஷம், பலகையை அழிச்சிடறேன்.”

அழித்தால் பெயர் தப்பும். விட்டால், பொய் சொன்னவள் என்பது சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். விதாத் பலகையையே பார்த்தாள்.

“வேண்டாம். எங்க நின்னு ஊரைத் தேடினேன்னு தெரியட்டும்.”

“திட்டுவாங்களே?”

“திட்டட்டும். முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடு.”