சென்னைக்குப் போகிறவன்

மேசையின் தலைப்பக்கத்தில் ஏரம்பமூர்த்தி அண்ணை இருந்தார். அவருக்கு வலப்பக்கம், தெருச் சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, கப்பல் சீட்டு விற்கும் முகம்மது யூசுப். இடப்பக்கம் நான்; எனக்கு முன்னால் மைக்கூடும் எழுதுதாளும். எதிர்க் கோடியில் அண்ணையின் இளைய மகன் சிவமணி. அடுக்களை வாசலில், நிலையோடு சாய்ந்து, தரையில் அண்ணையின் மனைவி மங்களம் அக்கா. மூத்த மகன் அம்பிகைபாகன் அங்கே இல்லை. போன ஆடியில் அவன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அவனை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யத்தான் நாங்கள் கூடியிருந்தோம்.

பருத்தித்துறையில் நான் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தில், எதை எழுதுவதானாலும் முதலில் ஆட்களையும் இடத்தையும் எழுதப் பழக்கியிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன். ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டாம் ஆண்டு, ஆனி மாதக் கடைசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கடல் கடந்து பிழைக்க வந்த ஊரில், சிராங்கூன் ரோட்டில் மேல்மாடி வீடு. கீழே அஞ்சடி நடைபாதையில் யாரோ பிரம்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அன்னாசித் தொழிற்சாலையிலிருந்து பாகு காய்ச்சும் நாற்றம் வந்துகொண்டிருந்தது. அண்ணை மராமத்துக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். நான் அவருக்குக் கீழே வேலை. பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். கந்தோரில் என் இங்கிலீசுக் கையெழுத்துக்குப் பெயர் இருந்தது. என்னை அந்த மேசைக்கு அழைத்தது அதற்காகத்தான்.

விஷயம் இதுதான். இரண்டு பிள்ளைகளும் ஒரே இங்கிலீசுப் பள்ளியில் படித்தவர்கள். மூத்தவன் கடைசிப் பரீட்சையில் தேறி, கணிதத்தில் விசேஷ சித்தியும் வாங்கினான். சென்னையில் ஒரு கல்லூரிக்குப் போவதென்று முடிவாயிற்று. பெட்டி கட்டிய வாரத்தில் காய்ச்சல் வந்தது. இளையவன் போன மார்கழியில் அதே பரீட்சையை எழுதிக் கணிதத்தில் தவறிவிட்டான். அடுத்த ஆண்டு அண்ணைக்குப் பென்சன், ஊருக்குத் திரும்பிவிடுவார். அதற்குமுன் ஒரு மகனையாவது கல்லூரி வாசலில் விட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவரை அரித்துக்கொண்டிருந்தது. பரீட்சைச் சான்றிதழில் முகம் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது என்பது ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. சிவமணி அண்ணன் பெயரில் போவான்.

அன்றிலிருந்து பழக்கம் தொடங்கியது. பின்னால் நின்று ‘சிவமணி’ என்று கூப்பிடுவார். பிள்ளை திரும்பினால் ஏசுவார். முதல் வாரம் அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பினான். சிரித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான், என்ன மாமா இது என்பதுபோல. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு திரும்புவதும் நின்றது. நன்றாகப் பழகிவிட்டான் என்று அண்ணை சந்தோஷப்பட்டார். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. அவன் அடக்கிக்கொண்டு நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பவனைப்போல நின்றான்.

வேறொன்றும் நடந்தது. மூத்தவனுடைய ஆட்டைத் திவசம், முதல் வருசத் திவசம், வரும் ஆடியில் வரவேண்டும். அதைச் செய்யக்கூடாது என்று அண்ணை சொல்லிவிட்டார். ஐயரும் நாலு சனமும் வந்து சோறு தின்று போனால், செத்தவன் யார் என்பது ஊரெல்லாம் மறுபடி பேச்சாகும். உயிரோடு இருக்கிறான் என்று கையெழுத்து வைத்துவிட்டு அவனுக்கே பிண்டம் வைப்பதா என்று கேட்டார். அந்த வாரமெல்லாம் அக்காவின் கறிக்கு உப்பில்லை.

மேசையில் மூன்று கல்லூரிகளின் விவரப் புத்தகங்கள் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் ஒன்று, திருச்சிராப்பள்ளியில் ஒன்று, சென்னையில் ஒன்று. மூன்று கல்லூரிகளும் பெரியவை அல்ல, சின்னவையும் அல்ல. வந்தவனையெல்லாம் சேர்த்துக்கொள்பவையும் அல்ல. நான் தாளில் மூன்று கோடு கிழித்து, விடுதி, சைவச் சாப்பாடு, எஃப்.ஏ. தேறினவர் தொகை, ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தலைப்புப் போட்டேன்.

“உதெல்லாம் பிறகு பாப்பம்,” என்றார் அண்ணை. “முதலிலை ஆர் ஆருக்கு எங்களைத் தெரியும் எண்டு எழுதும்.”

அந்தத் தலைப்பை முதலில் போட்டதும் யாழ்ப்பாணம் அப்போதே விழுந்தது. அங்கே பாதிப் பிள்ளைகள் எங்கள் சொந்தம். அம்பிகைபாகன் செத்ததற்குத் துடக்குக் காத்தவர்கள்.

“நல்ல கல்லூரி அண்ணை. மூண்டிலையும் அதுதான் ஊர் வீட்டுக்குக் கிட்ட,” என்றேன்.

“கிட்ட எண்டபடியால்தான் வேண்டாம்.”

யூசுப் நாகப்பட்டினத்துக்காரர். கப்பலேறும் பிள்ளைகளைத் திருச்சிக்கும் சென்னைக்கும் ரயிலேற்றி விட்டுவந்தவர். சுருட்டை அணைத்துக்கொண்டு சொன்னார்: “திருச்சிதான் தோது சார். சர்டிபிகேட்டப் பாப்பாங்க, சேத்துக்குவாங்க. மறு பேச்சு கெடையாது. மெட்ராஸ்ல அப்படி இல்ல. போய் எறங்குனதும் அவங்களே ஒரு பரீட்சை வப்பாங்க. அதுவும் கணக்கு. நூறு பேரு எழுதுனா முப்பது பேரத்தான் எடுக்குறாங்க.”

“கணக்கோ!” அண்ணை சிவமணியைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப சென்னை எங்களுக்கில்லை. உவர் இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னால் என்ரை முகத்தைப் பாப்பார்.”

“அது கெடக்கட்டும் சார், சீட்டு எத்தன போடட்டும்? ஒண்ணா, ரெண்டா?” என்றார் யூசுப். வேடிக்கையாகத்தான் கேட்டார். “ஒரு சீட்டுல ரெண்டு பேர ஏத்த கம்பெனி ஒத்துக்காதுல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சுருட்டை மறுபடி பற்றவைக்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். “அண்ணை, மார்கழியிலை இவன் மறுபடி எழுதட்டும். நான் பின்னேரத்திலை கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். ஒரு வருசந்தானே? நீங்கள் ஊருக்குப் போனாலும் இவன் என்னோடை இருக்கட்டும். தன்ரை பேரிலை போவான்.”

அண்ணை பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேசைக் கோடியிலிருந்து குரல் வந்தது.

“நான் சென்னைக்குத்தான் போறன். அந்த முடிவு போன வருசமே எடுத்ததுதானே, மாஸ்ரர்.”

சிவமணி என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். மூத்தவன்தான், அவன் கடிதங்களில் நான் பிழை திருத்துவதால், கேலியாக மாஸ்ரர் என்பான். இளையவன் அதைக் கேட்டிருப்பான், ஒரே வீடுதானே. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பேனையைக் கீழே வைத்தேன்.

“அங்கை கணக்குச் சோதினையடா,” என்றார் அண்ணை.

“அதுக்கென்ன?”

அண்ணைக்குக் கோபம் வந்தது. சென்னை விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் முந்திய ஆண்டு வினாத்தாள் இருந்தது. அதை அவனிடம் தள்ளி ஒரு கணக்கில் விரலை வைத்தார். வட்டமும் தொடுகோடும் பற்றியது. பரீட்சையில் சிவமணியைக் கவிழ்த்ததும் அப்படி ஒன்றுதான். அவன் என்னிடம் கையை நீட்டித் தாளும் பேனையும் வாங்கினான்.

தாளின் அடியில் விடையை எழுதினான். பிறகு அதற்கு மேல் ஒரு வரி, அதற்கும் மேல் ஒரு வரி என்று கீழிருந்து ஏறிக்கொண்டே போனான். கணக்கை அப்படிச் செய்கிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல என்று அவனை நான் கேலி செய்ததுண்டு. தாளின் உச்சியைத் தொட்டதும் பேனையைத் துடைத்து வைத்தான். அண்ணை கந்தோரில் கணக்குப் பார்க்கும் கண்ணோடு மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். எங்கும் பிழை இல்லை. தாளைத் தந்தபோது அவர் விரல்கள் ஈரமாக இருந்தன.

“எழுதும், இராஜசிங்கம்,” என்றார். “சென்னைக்கு.”

எழுதினேன். விண்ணப்பித்தவன் பெயர் அம்பிகைபாகன். தகப்பன் பெயர், தொழில், சமயம், படித்த பள்ளி, தேறிய ஆண்டு. ஒவ்வொன்றும் உண்மை, அதுதான் கொடுமை. பேனை எங்கும் தடுக்கவில்லை. கடைசியில் உடன்பிறந்தாரைப்பற்றி எழுதச் சொல்லி ஓர் இடம் இருந்தது. அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

“இதுக்கு என்ன எழுதுறது அண்ணை?”

அண்ணை மேசையைப் பார்த்தார். தம்பி ஒருவன் இருக்கிறான் என்று எழுதினால் அந்தத் தம்பி எங்கே என்று நாளை யாராவது கேட்பார்கள். இல்லை என்று எழுதச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிள்ளைதான் சொன்னான். யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோல இலேசாகச் சொன்னான்.

“ஒரு தம்பி இருந்தவன். சிவமணி எண்டு பேர். போன ஆடியிலை காய்ச்சல் வந்து செத்துப்போனான். அப்பிடியே எழுதுங்கோ, மாஸ்ரர்.”

“டேய்!” என்றார் அண்ணை. “உன்னை ஆர் உப்பிடிச் சொல்லச் சொன்னது?”

அவன் தகப்பனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குறும்பு இல்லை. அண்ணை ஏன் அழப்பார்க்கிறார் என்று விளங்காத பார்வை. யூசுப் தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்து, தனக்குள் எதையோ ஓதத் தொடங்கினார்.

அடுக்களை வாசலில் மங்களம் அக்கா எழுந்து நின்றார். அந்த மாதம் முழுவதும் காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

“அப்ப ஆட்டைத் திவசம் செய்யத்தான் வேணும்,” என்றார்.

“ஆருக்கு?”

“சிவமணிக்கு. பிள்ளை ஒரு வருசமாப் பசியோடை நிக்குது.” பிறகு மேசைக் கோடியைப் பார்த்துக் கேட்டார்: “தம்பிக்கு என்னடா மோனை விருப்பம்? படைக்கவேணும்.”

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையில் சிவமணி எங்காவது ஓர் ஓரத்திலாவது தட்டுப்படுவான் என்று காத்திருந்தேன்.

“ஞாபகமில்லை அம்மா.”

“எனக்கும் வருகுதில்லை,” என்றார் அக்கா. “இருந்துபாப்பம், வரும்.”

வாழைப்பூ வறை. எனக்குத் தெரியும். போன ஞாயிறு இதே மேசையில் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அது படையலில் விழும் என்பது அப்போது உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

“எழுதும்,” என்றார் அண்ணை. அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. “அவன் சொன்ன மாதிரியே எழுதும். வேறை என்ன எழுதேலும்?”

உடன்பிறந்தார்: ஒருவர், காலமாகிவிட்டார் என்று எழுதினேன். ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன். சான்றிதழை நடுவில் வைத்துத் தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டேன். அரக்கை மெழுகுதிரியில் காட்டினேன். பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை; அரக்கு மட்டும் தானாகக் கரைவதுபோல உறையில் விழுந்தது. அண்ணை தன் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார், தன் கையால் அழுத்தவில்லை. நான் அழுத்தினேன்.

யூசுப் எழுந்தார். பின்னேரம் தபால் கப்பல். கடிதத்தை இரண்டு விரலால் வாங்கிச் சட்டையின் உள்ளே வைக்கப் போனவர், மனம் மாறிக் குடைக்குள் செருகிக்கொண்டார்.

“நா போய்ச் சேத்துர்றேன்,” என்றார் என்னைப் பார்த்து. “நீங்க இந்தப் புள்ளயக் கொஞ்சம் பாத்துக்கங்க அண்ணே.” எந்தப் பிள்ளையை என்று அவர் சொல்லவில்லை.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்தபின் நான் சன்னலுக்குப் போனேன். அவனும் வந்து பக்கத்தில் நின்றான். கீழே யூசுப் ரிக்‌ஷாவில் ஏறி, குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். வண்டி சிராங்கூன் ரோட்டில் தெற்கே ஓடத் தொடங்கியது. தெருவுக்கு அப்பால் சேற்றுக் குட்டையில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் படுத்திருந்தன. வண்டி அவற்றைக் கடந்து வளைவில் மறைந்தது. அவை அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. ஒவ்வொன்றாகக் கொம்பைத் திருப்பி, காதை அசைக்காமல், நாங்கள் இருவரும் நின்ற சன்னலைப் பார்த்தன.