கோவில் வலை

"இருங்கோ, எலிசம்மா."

"நிக்கிறன், சுவாமி."

கோவிலுக்குப் பக்கத்தில் சுவாமி தங்கும் அறைவீட்டு விறாந்தையில் கிடந்த ஒரே கதிரையைப் பங்குச் சுவாமி அவளுக்காக இழுத்துப் போட்டிருந்தார். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேரே வந்தவள், கால் உளைந்தது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் கதிரையில் இருக்க மனம் வரவில்லை.

"திங்கட்கிழமை அவற்ர ஆண்டுப் பூசை. மணி அடிக்க ஏலாதாம். மூப்பர் சொல்லிப்போட்டார்."

அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் திருகோணமலையை அடித்து ஒரு வருடம். புயலுக்கு முந்திய ஞாயிறு கடலுக்குப் போன அவள் கணவன் சந்தியாப்பிள்ளை திரும்பவில்லை. கோவில் மணிக்குப் பொறுப்பான மூப்பர் சவிரியார் தூணோடு நின்றார்.

"நான் என்ன, சொந்தமாவோ சொன்னனான்? ஆண்டவர் ஆறு நாளில உலகத்தைப் படைச்சு ஏழாம் நாள் ஓய்ஞ்சவர். ஞாயிறு கடலுக்குப் போறேல்லை எண்டது எங்கட கரைக் கட்டுப்பாடு. போனான், ஆண்டவர் அடிச்சார். சாவான பாவத்தில செத்தவனுக்கு மணியில்லை."

"அடிச்சது காத்து, மூப்பர். துறைமுகக் கந்தோர் இராசையா ஐயா சனிக்கிழமையே சொன்னவர், பாரமானி இறங்குது, புயல் வருகுதெண்டு."

"பாரமானிக்குத் தெரிஞ்சது வேதத்துக்குத் தெரியாதோ?"

சுவாமி கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். இந்தக் கேள்வி அவருக்குப் பழசாகிவிட்டது.

"சூரியனை எத்தினையாம் நாள் படைச்சவர், மூப்பர்?"

"நாலாம் நாள்."

"அப்ப முதல் மூண்டு நாளையும் எந்தச் சூரியனைப் பாத்து எண்ணினது?"

"சுவாமி பகிடி விடுறியள்."

"பழைய வேதபாரகர்மார் கேட்ட கேள்வி இது. உலகம் உண்டாகக் கோடிக்கணக்கான வருசம் எண்டு கல்லைப் படிச்சவை சொன்னால், திருச்சபைக்கு ஒரு நட்டமுமில்லை. ஆர் படைச்சவர், என்னத்துக்குப் படைச்சவர் எண்டு சொல்லத்தான் வேதாகமம். காத்தைச் சொல்லப் பாரமானி இருக்கு. ஏழாம் நாள் களைச்ச மனிசனுக்கு ஓய்வு குடுக்க வந்தது. ஆளைக் கொல்ல வரேல்லை."

"தன்ர வலைக்கு ஆசைப்பட்டுப் போனவன், சுவாமி."

"அவற்ர வலை வீட்டில கிடந்தது," என்றாள் எலிசம்மா. "போனது கடலில கிடந்த கோவில் வலையைப் புயலுக்கு முந்தி எடுக்க."

வெள்ளிக்கிழமை மீன் கோவிலுக்கென்று ஊரே சேர்ந்து போடும் வலை அது. புயலுக்குப் பிறகு அதில் பாதி கிழியாமல் கரையில் கிடந்தது; அந்தோனியாரின் அற்புதம் என்று ஊர் அதைக் கொண்டாடியது.

"அது அந்தோனியார் செய்த புதுமையெல்லோ!"

"மடிச்சு, மேல கல்லும் வைச்சிருந்ததே. அந்தோனியாரோ கல்லுத் தூக்கினவர்? ஒரு பாதியைக் கரையில வைச்சிட்டு மற்றப் பாதிக்குப் போனவர்."

"பிள்ளை, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"புதுமையைக் கெடுக்கிறாள் எண்டு ஊரே கொதிச்சிருக்கும். எனக்குச் சண்டை பிடிக்கச் சீவனில்லை, மூப்பர். இப்பவும் இல்லை. மணியை மட்டும் அடிச்சு விடுங்கோ."

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"அந்தப் பாதி வலையில கட்டியிருந்தது இடக்கை முடிச்சு," என்றார் மூப்பர், தரையைப் பார்த்தபடி. "எங்கட கரையில இடக்கைக்காரன் அவன் ஒருத்தன்தான். அண்டைக்கே கண்டனான். புதுமையெண்டு நினைக்க மனசுக்கு லேசாயிருந்தது."

அவர் சுவாமியின் பக்கம் திரும்பினார்.

"பூசை எத்தினை மணிக்கு?"

"ஆறு."

"அஞ்சரைக்கு அடிக்கிறன். ஆனா அந்தச் சூரியன் கதையைப் பிரசங்கத்தில எடுக்காதேங்கோ, சுவாமி. சனம் குழம்பும்."

"எடுக்கத்தான் போறன். வலைக் கதையை நீங்கள் சொல்லுங்கோ."

மூப்பர் தலையைச் சொறிந்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

எலிசம்மா மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.