அசந்த நொடி

"சுருக்கமாச் சொல்லுங்க. கரைவழியா, உள்வழியா?"

குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தக்கூடத் தேவையிருக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னிடமும் இதையேதான் சொன்னார், 'சுருக்கமாச் சொல்லு' என்று. அப்போது அவர் விசாரணை அதிகாரி, நான் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர். இப்போது அவருக்கு ஓய்வு, வழுக்கை, பக்கத்தில் மனைவி. எனக்கு என் அக்கா மகள் நடத்தும் பயண அலுவலகத்தில் ஒரு நாற்காலி. வெளிநாட்டில் மோட்டார்ஹோம் என்கிற வீட்டு வண்டியை எடுத்துச் சுற்றப் போகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது என் வேலை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். என் காலம் மதியம் இரண்டேகால் மணிக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் அவன் முகத்தையாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?

நடந்தது இதுதான். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்த கால் பஞ்சில் அமுங்குவது போலப் போனது. ஒரு நொடி உடம்பு மரத்துவிட்டது. மறு நொடி வண்டியைப் பக்கச் சுவரில் உரசி நிறுத்தினேன். உள்ளே நாற்பத்திரண்டு பேர், ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. விசாரணையில் நான் விரிவாகச் சொல்ல வாயெடுத்தபோது இவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுருக்கமாகத்தானே சொல்ல வேண்டும் என்று, "பிரேக் பிடிக்கல சார், ஒரு நொடி அசந்துட்டேன்" என்றேன். அதிர்ச்சியிலும் மனுஷன் அசந்து போவான், அழகைப் பார்த்தும் அசந்து போவான், அலுப்பிலும் அசந்து தூங்குவான். மூன்றில் இவர் எடுத்துக்கொண்டது கடைசியை. 'பணியின்போது உறங்கியதை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். பிரேக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் புத்தி.

வேலை போனது. தூங்குமூஞ்சி என்ற பெயர் மட்டும் போகவில்லை. என் மைத்துனன் விசேஷ வீடுகளில், "முதல்ல மாப்ளைக்குக் காபி குடுங்க, அசந்துடப் போறாரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் ஒருமுறை சிரித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இங்கே எவனும் எனக்கு வண்டி தரவில்லை. கடல் தாண்டிப் போய் ஆறு வருஷம் லாரி ஓட்டினேன். திரும்பி வந்தபோது, 'வாப்பா' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மகள் கதவைத் திறந்து, "வாங்கப்பா" என்றாள். அந்த ஒரு 'ங்க'வை நான் இவருக்கு மன்னிக்கவே மாட்டேன்.

ஆறு வருஷமும் நான் ஓட்டியது இப்போது மேஜையில் விரிந்து கிடக்கும் இதே இரண்டு பாதைகளில்தான். கரைவழி முழுக்க வளைவு. பக்கக் காற்று வண்டியைத் தள்ளிப் பார்க்கும். ஆனால் கண்ணை மூட விடாது. உள்வழி அடிக்கோல் வைத்து இழுத்தது போல நானூறு கிலோமீட்டர். மரமில்லை, மேடில்லை, எதிரே வண்டியில்லை. வாழ்நாளில் ஸ்டியரிங்கில் கண்ணயராத நான் அந்தப் பாதையில் ஒருநாள் தூங்கினேன். சரளைக்கல் சக்கரத்தில் அரைபடும் சத்தம்தான் என்னை எழுப்பியது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

"எனக்குக் கடல் பாக்கணும். அதுக்குத்தான் வர்றேன்னே சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

"வளைவெல்லாம் வேண்டாம். எது பாதுகாப்புன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"உள்வழி சார்" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. "நேர் ரோடு. அசந்துடுவீங்க."

"அவ்வளவு நல்லா இருக்குமா?"

"போனவங்க யாரும் அசராம வந்ததில்ல சார்."

மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கோ நெஞ்சுக்குள் குளுகுளுவென்றிருந்தது. பொய் சொல்லவில்லையே! பச்சை மையால் உள்வழியைக் கோடிழுத்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"அவ பேரைப் போடுங்க. கண்ணுல ஆபரேஷன் ஆனதுலேருந்து நான் ஓட்டக் கூடாது. பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவேன்."

"வழி சொல்ற லட்சணம் எனக்குத்தான் தெரியும்" என்றார் அந்த அம்மா. "கடைத்தெரு தாண்டுறதுக்குள்ள தூங்கிடுவாரு. முழுக்க நான்தான் ஓட்டணும். பயமா இருக்கு, ஆனா ஆசையாவும் இருக்கு."

பெயரை எழுதினேன். கை எழுதியது. அவர்கள் வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அடுத்த கோப்பைத் திறந்தேன், மூடினேன். புருஷன் செய்ததற்குப் பெண்டாட்டி என்ன செய்வாள் என்று ஒரு மனம் கேட்டது. என் பெண்டாட்டி மட்டும் என்ன செய்தாள் என்று இன்னொரு மனம் சண்டைக்கு வந்தது. அந்தச் சண்டை முடிவதற்கு முன்பே நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

வாசலில் சரக்கு இறக்கும் வேன் ஒன்று வழியை மறித்திருந்தது. அவர்களின் கார் அதன் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைத் தட்டினேன். அந்த அம்மா இறக்கினார். பக்கத்து இருக்கையில் அதிகாரி தலை சாய்ந்து, வாய் பிளந்து கிடந்தார்.

"கரைவழியாப் போங்கம்மா. உள்வழி வேண்டாம். அந்த ரோடு ஆளைத் தூங்க வெச்சிரும்."

"அப்ப மேல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

என் கண் பக்கத்து இருக்கைக்குப் போனது. அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் புருஷனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வேன் நகர்ந்து வழி விட்டது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"ஓரமா நிறுத்தி வண்டிய ஆஃப் பண்ணுங்கம்மா" என்றேன். "கொஞ்ச நேரம் ஆகும்."

அவர் ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியதும் அதிகாரியின் குறட்டை தெளிவாகக் கேட்டது.