குருத்தடியில் பால் வளையம்

கூட வேலை பார்த்த அனுசியாவை முதலாளி எல்லார் முன்னாலும் வேலையைவிட்டு அனுப்பிய அன்று ஹுஸ்னா வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆத்திரம் பொங்கியது.

ஏலச்செடிகளைத் திசு வளர்ப்பில் பெருக்கி மலைத்தோட்டங்களுக்கு விற்கும் அந்த ஆய்வுக்கூடம் விஜயபாண்டியுடையது. அவர் குடும்பம் முன்பு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தது. மாதவிலக்கான பெண் உள்ளே வந்தால் கொடி கருகும் என்பார்கள். கொடிக்காலை விற்றவர், அந்த நம்பிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். கண்ணாடிப் பாட்டில்களில் குருத்துகள் அழுகத் தொடங்கியதும் அந்த நம்பிக்கையை வெளியே எடுத்தார். தினமும் காலையில் செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டு, யாருக்கு அந்த நாள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஹுஸ்னா தரையைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டுவாள். அனுசியாதான், இதைக் கேட்கவா படித்த பிள்ளைகளை வேலைக்கு வைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு அடுத்த வாரம் அவள் குருத்து வெட்டி வைத்த பாட்டில்கள் கெட்டன. பொய் சொல்லி உள்ளே வந்தவள் என்று பெயர் வைத்து விரட்டிவிட்டார். இப்போது அவள் தன் அம்மாவோடு போடிமெட்டு ஜீப்பில் ஏறி, மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறாள். அந்த ஜீப்பில் ஏறக்கூடாது என்றுதான் அவள் பட்டப்படிப்பே படித்தாள்.

கெட்ட பாட்டில்களை ஹுஸ்னா விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். கையிலிருந்தோ காற்றிலிருந்தோ கிருமி விழுந்திருந்தால், குருத்தை நட்டு வைக்கும் ஊட்டக்கூழில் அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். இங்கே புள்ளியே இல்லை. குருத்தை வெட்டிய அடியிலிருந்து மட்டும் பால் போல ஒரு வளையம் கசிந்திருந்தது. கிருமி செடிக்குள்ளேயே குடியிருக்கிறது. மேலே எந்த மருந்தில் கழுவினாலும் அது சாகாது. எல்லாக் குருத்தும் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை. விஜயபாண்டி தன் சொந்தத் தோட்டத்திலிருந்து தோண்டிக் கொண்டுவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டும் செடி அது.

மறுநாள் அவர் அறைக்குப் போனாள்.

"அந்தத் தாய்ச்செடியிலருந்து குருத்தை நீங்களே வெட்டி வைங்க சார். பொம்பள கையே படவேணாம்."

அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, எனக்கு வெட்டத் தெரியாதுன்னு நெனச்சியா? பயிற்சிக்குப் போயி சர்டிபிகேட் வாங்கினவன்."

கையை ஸ்பிரிட்டில் கழுவி, தீயில் பிளேடைக் காட்டி, சுத்தமாகத்தான் வெட்டினார். ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர் கொடுத்த வேறொரு செடியின் குருத்துகளையும் அதே மேசையில் அவரையே வெட்டவைத்தாள் ஹுஸ்னா. பாட்டில்களை மூடி, மூடிமேல் கையெழுத்தும் போட்டார். அந்த அலமாரிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

சில நாளில் அவருடைய தாய்ச்செடியின் குருத்துகள் அத்தனையிலும் அடியில் பால் கட்டியது. ராசிங்காபுரத்துக் குருத்துகள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன.

விஜயபாண்டி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். கூழில் கிருமி மருந்தைக் கலந்துவிடலாம், வெளியே தெரியாது, லோடு ஏறட்டும் என்று தணிந்த குரலில் சொன்னார். மருந்து கிருமியை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது, மலையில் நட்ட பிறகு வாங்கினவர்கள் தோட்டத்தில் எழும்பும் என்றாள் ஹுஸ்னா. அது அவர்கள் பாடு என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவளுடைய கூச்சமெல்லாம் எரிந்துபோனது.

"அந்தப் பாட்டில் ஒண்ணுகூட வெளிய போகாது சார். போனா, வாங்குறவங்க கிட்ட நானே சொல்லுவேன். இப்ப அனுசியாவுக்கு போன் போடுங்க. என் முன்னால."

அவர் முறைத்தார். அவள் நகரவில்லை. கடைசியில் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நாளைக்கு வேலைக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னார்.

"எதுக்குன்னும் சொல்லுங்க" என்றாள் ஹுஸ்னா.

"செடியிலதான் கோளாறு. உன்மேல தப்பில்ல."

மறுமுனையில் ஜீப் மேடேறும் சத்தம். அதற்கு மேல் அனுசியாவின் குரல் வந்தது.

"சரிங்க முதலாளி. ஆனா எனக்கு இப்ப அந்த நாளு. நாளைக்கே வரவா, இல்ல வாசல்ல நின்னு கேப்பீங்களா?"

"வா" என்றார் விஜயபாண்டி.

ஹுஸ்னா அவர் கையெழுத்துப் போட்ட பால் வளையப் பாட்டில்களைத் தட்டில் அடுக்கி, நீராவியில் கிருமியைக் கொல்லும் கொதிகலனுக்குள் தள்ளினாள். கோபம் இன்னும் தீரவில்லை. கொதிகலன் மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள்.